நின்றால் ஏறும் விலை

ஆசையைக் காட்டினால் விலை ஏறும். மதுரையில் ஜவுளிக்கடைப் படி ஏறிய யாருக்கும் இது தெரியும். அங்கை என்கிற அங்கயற்கண்ணி செய்ததெல்லாம் இதை ஓர் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

நாகமலைப் பக்கம் அவள் வேலை பார்த்த நிறுவனம் ‘தொலைவழி’ என்றொரு விளையாட்டை விற்றது. விற்றது என்றுகூடச் சொல்லக்கூடாது, சும்மாவே கொடுத்தது. செல்போனில் இறக்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் நடக்கலாம். நடப்பதுதான் விளையாட்டு. தோளில் ஒரு மூட்டை விளக்கு, பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு நாய், முன்னால் மலையும் மணலும் பெயர் தெரியாத ஊர்களும். வழியில் இருண்டு கிடக்கும் வீடுகளுக்கு விளக்குக் கொடுக்கலாம், கொடுக்காமல் தாண்டியும் போகலாம். அதில் யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள், எல்லாம் கையசைப்புத்தான். மாதக்கணக்கில் இப்படி நடந்தால் கடைசியில் ஒரு வீடு வரும். கதவு சாத்தியிருக்கும். கதவுக்குப் பின்னால் முடிவு இருக்கிறது. அதற்குத்தான் காசு.

முடிவு எல்லாருக்கும் ஒன்றல்ல. நீங்கள் எங்கே நின்றீர்கள், யாருக்காகத் திரும்பி வந்தீர்கள், உங்கள் விரல் எப்படி வழி நடத்தியது என்று அத்தனையையும் இயந்திரம் பார்த்து, உங்களுக்கென்று ஒன்றை நெய்து வைத்திருக்கும். வேறு யாருக்கும் அது கிடைக்காது. முடிவு ஆளுக்கு ஒன்று என்றால் விலையும் ஆளுக்கு ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? அங்கைக்குத் தோன்றிய யோசனை அது. கதவுக்கு முன்னால் ஒருவர் எவ்வளவு நேரம் நிற்கிறார், எத்தனை தடவை திரும்பத் திரும்ப வருகிறார் என்று அளந்து, அதற்கேற்பக் கதவின்மேல் விலை எழுதும் கருவியை அவள்தான் செய்தாள். அலுவலகத்தில் அதற்குத் தயக்கமானி என்று பெயர். நின்றால் ஏறும், விலகிப் போனால் இறங்கும். அவளுக்கு அந்த வருடம் கேடயம் கொடுத்துக் கைதட்டினார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? கதவுக்கு முன்னால் எப்படி நிற்கக்கூடாது என்று பாடம் நடத்த ஆட்கள் முளைத்தார்கள். பிள்ளைகள் கதவைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார்கள். அந்தப் பழக்கம் மெல்ல வெளியேயும் வந்தது. பிடித்ததைப் பிடித்தது என்று சொல்லச் சின்னஞ்சிறுசுகள் யோசிக்க ஆரம்பித்தன. அங்கையின் அக்கா மகன் பிறந்தநாள் சைக்கிளைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அங்கையும் சிரித்தாள், ஆனால் அது அவளுக்குள் எங்கோ உறுத்திக்கொண்டே இருந்தது.

புரட்டாசியில் ஒரு நாள், புகார்ப் பிரிவு ஓர் அழைப்பை அவளிடம் தள்ளிவிட்டது. "விலை விஷயமாம். எங்களால பேசி முடிக்க முடியல, நீங்களே பாருங்க" என்றார்கள்.

"மேடம், என் பேரு துவாரகநாதன். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில சேலை செக்‌ஷன்ல இருக்கேன்" என்றது அந்தக் குரல். நிதானமான குரல்தான். "உங்க விளையாட்டுல ஒரு கதவு. நான் பார்க்கப் பார்க்க விலை ஏறிக்கிட்டே போகுது. முதல்ல ஒரு சுங்குடிச் சேலை விலை இருந்துச்சு. இப்பப் பட்டு விலைக்கு வந்து நிக்குது."

"சார், அது அப்படித்தான். ரொம்ப நேரம் அங்க நின்னீங்கன்னா ஏறும்."

"தெரியுதும்மா. நானும் அதைத்தானே பண்றேன். ஒரு அம்மா ஒரு மடிப்பை ரெண்டாவது தடவை தொட்டுட்டா, அதுக்கப்புறம் நான் விலை குறைக்கமாட்டேன். ஆனா என்னால நிக்காம இருக்க முடியல. அது எம்பொண்ணு நடந்த நடை."

அங்கை நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள்.

அவர் மகள் பெயர் ரோகிணி. கல்லூரியில் இரண்டாம் வருடம். போன கார்த்திகை மழையில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அவள் போனைத் திறக்கச் சில மாதம் யாருக்கும் தைரியம் வரவில்லை. திறந்து பார்த்தபோது, சிவப்புத் துண்டு கட்டிய ஒரு வழிப்போக்கி அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"தினமும் காலையில கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி போய் நிப்பேன். வேற ஒண்ணும் பண்ணமாட்டேன். நிப்பேன், அவ்வளவுதான். அவ அம்மா அந்தப் போனைக் கண்ணாலயே பார்க்கமாட்டேங்கிறா."

"சார், உங்க பொண்ணு ஏன் அப்பவே வாங்கல?" கேட்ட பிறகுதான், கேட்டிருக்க வேண்டாம் என்று அங்கைக்குப் பட்டது.



"எங்கிட்ட வந்து கேட்டா. ஒரு சுங்குடி விலை இருக்கும், அவ்வளவுதான். ‘அவசரப்படாத, கொஞ்சம் தள்ளி நில்லு, தன்னால இறங்கும்’னு சொன்னேன். தொழில் புத்தி. அவளும் சரிப்பான்னு தள்ளி நின்னா. அந்த வாரந்தான் காய்ச்சல்."

விலையைக் கையால் குறைக்க நிறுவனத்தில் யாருக்கும் அதிகாரம் கிடையாது, தெரிந்தவர்களுக்குச் சலுகை காட்டிவிடுவார்கள் என்று அப்படியே கட்டியிருந்தார்கள். அவள் அதையும் சொன்னாள். அவர் வேறொன்று கேட்டார்.

"முடிவு அவ நடந்ததை வச்சுத்தான் வரும்னு சொல்றாங்களே. நான் அங்க இத்தனை மாசமா நின்னிருக்கேன். அதுவும் சேர்ந்திருக்குமா?"

"கலந்திருக்கலாம் சார். உறுதியா எனக்கே தெரியல."

"அப்ப நான் நின்னு நின்னு அவ முடிவைக் கெடுத்துட்டேன் போல."

அங்கை அன்றே தன் மேலாளர் ஆல்வினிடம் போனாள். ஆல்வின் கெட்டவன் அல்ல. கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"பாவமாத்தான் இருக்கு அங்கை. ஆனா செத்துப்போனவங்களுக்கு இலவசம்னு ஒரு பட்டன் வச்சேன்னு வையி, நாளைக்கே ஊர்ல பாதிப்பேர் செத்துருவாங்க. எவன் உண்மை, எவன் பொய்யின்னு சர்டிபிகேட் வாங்கிப் பார்க்கிற வேலை நமக்கு வேணுமா?"

ஆனால் மறுநாள் காலை சொந்தப் போனிலிருந்து துவாரகநாதனைக் கூப்பிட்டாள். சொல்லக்கூடாததைச் சொன்னாள். "சார், கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கமே போகாதீங்க. மனசைக் கல்லாக்கிக்கிட்டு இருங்க. விலை சரசரன்னு இறங்கும், நான் இங்கிருந்து பார்த்துக்கிறேன். சுங்குடி விலைக்கு வந்ததும் சொல்றேன்."

"அதைத்தானேம்மா நான் அவகிட்டயும் சொன்னேன்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "சரி, முயற்சி பண்றேன்" என்றார்.

பண்ணவும் செய்தார். வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது என்று மகளின் போனைப் பரமக்குடியில் இருக்கும் தங்கை சரோஜாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "பீரோவுல வச்சுப் பூட்டு. நான் காலைப் பிடிச்சுக் கெஞ்சினாலும் எடுத்துத் தராத" என்று சொல்லிவிட்டு வந்தார். அங்கை தன் கணினியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். விலை பட்டிலிருந்து இறங்கியது. இன்னும் இறங்கியது. தான் செய்த கருவியைத் தானே ஏமாற்றுவதில் அவளுக்கு ஒரு திருட்டுச் சந்தோஷம்கூட இருந்தது.

ஐப்பசி பிறந்தது. ஒரு நாள் டீ குடிக்கிற இடத்தில் ஆல்வின் வேறொரு பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. "தீபாவளிக்குள்ள தூசி தட்டி முடிச்சிருவாங்களா?"

"என்ன தூசி?" என்றாள் அங்கை.

"ஒரு மாசமா யாரும் வந்து பார்க்காத பயணத்தையெல்லாம் அழிக்கிறாங்க. இடம் பத்தலையாம். போன வாரந்தான் முடிவாச்சு. காசு கட்டினவங்களோடதை மட்டும் எப்பவும் தொடமாட்டோம்."

வராதீர்கள் என்று சொன்னது அவள். அந்த மனுஷனும் சொன்ன சொல் தப்பாமல் வராமல் இருக்கிறார். மாதம் முடிய ஒன்றிரண்டு நாள்தான் இருந்தது. இப்போதே காசைக் கட்டிவிடலாமா என்று பார்த்தாள். பயணத்துக்குள் ஆள் நின்றால்தான் கதவு காசை வாங்கும்.

துவாரகநாதனின் போன் அணைந்து கிடந்தது. தீபாவளிக் கூட்ட நேரத்தில் கடைக்காரர்கள் விற்பனையாட்களின் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது அவளுக்கு அப்புறந்தான் நினைவுக்கு வந்தது. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து விளக்குத்தூணுக்குப் போனாள். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. யார் துவாரகநாதன் என்று கேட்டு, முண்டியடித்து, அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். நரைத்த தலை, காதோரம் பென்சில். பின்னால் மேற்பார்வையாளர் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, நான் அங்கயற்கண்ணி. விளையாட்டுக் கம்பெனி."

அவர் முகம் மாறவில்லை. "வாங்கம்மா, பட்டா, காட்டனா?" என்றபடி ஒரு சேலையை உதறி விரித்தார். அதன் மறைவில் குனிந்து, "என்னாச்சு, விலை இறங்கிருச்சா?" என்றார்.

"இறங்கிருச்சுண்ணே. ஆனா வேற ஒரு வில்லங்கம்." விரல் பாட்டுக்குச் சேலையைத் தடவ, அவள் எல்லாவற்றையும் சொன்னாள். "இன்னைக்கு நாளைக்குள்ள நீங்க போய் ஒரு நிமிஷம் நின்னாப் போதும். இல்லாட்டி மொத்தமா அழிச்சிருவாங்க. தப்பு என்னோடதுதான், எனக்கு இது தெரியாது."

அவர் அடுத்த சேலையை எடுத்தார். "போன் சரோஜா பீரோவுல இருக்கு. சரோஜா காசிக்கு டூர் போயிருக்கா. வீட்டுச் சாவி, பீரோச் சாவி ரெண்டும் அவ இடுப்புல. தீபாவளி கழிச்சுத்தான் வருவா."

"வேற போன்ல போக முடியாதா?"

"பாஸ்வேர்டு ரோகிணிக்குத்தானே தெரியும்."

மேற்பார்வையாளர் இந்தப் பக்கம் திரும்பினார். துவாரகநாதன் குரலை உயர்த்தி, "இது வாடாமல்லிக் கலரும்மா, உங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்றார். கண் கலங்கியிருந்தது. சேலை விற்கிற குரல் மட்டும் பிசிறவில்லை.

அங்கைக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. பழுது பார்ப்பதற்கென்று அலுவலகத்தில் ஒரு பின்வாசல் உண்டு, அதன் வழியாக எந்தப் பயணத்துக்குள்ளும் நுழையலாம். "நீங்க சரின்னா நான் உள்ள போய் நிக்கிறேன். யாரோ வந்த மாதிரி ஆயிரும். அழிக்கமாட்டாங்க."

அவர் சேலையை நிதானமாக மடித்து முடித்தார். மகளின் அறைக்குள் வேற்றாள் போவது மாதிரித்தான் அவருக்கு இருந்திருக்கும்.

"போங்க. காசு நான்தான் கட்டுவேன். அவ மூட்டைக்குள்ள கையை விடாதீங்க. அந்த நாயைக் கூப்பிடாதீங்க, அவ கூப்பிட்டாத்தான் வரும்னு சொல்லுவா." கடைசியாக, "அந்த வாடாமல்லியை ரெண்டு தடவை தொட்டுட்டீங்க" என்றார்.

அன்றைக்கே அங்கை பின்வாசல் வழியாக உள்ளே போனாள். சிவப்புத் துண்டுக்காரி கதவுக்கு முன்னால் நின்றாள். ஒரு நிமிடம் நின்றுவிட்டு வெளியே வந்திருக்கலாம், வேலை முடிந்தது. ஆனால் அவள் திரும்பிப் பார்த்தாள். வந்த வழி முழுக்க விளக்கு எரிந்தது. மலைச்சரிவில், மணலில், தொலைவில் புள்ளியாகத் தெரிகிற ஊர்களில் என்று ஒரு வீடுகூட விடாமல் கொடுத்திருந்தாள் அந்தப் பெண். இப்படி யாரும் ஆடுவதில்லை. மூட்டை காலியானால் முதலிலிருந்து போய் எடுத்துவர வேண்டும், எல்லாரும் பாதியை மிச்சம் பிடிப்பார்கள். இவள் எத்தனை தடவை திரும்பி நடந்தாளோ.

மறுநாள் சாப்பாட்டு நேரத்திலும் அங்கை போய் நின்றாள். அதற்கடுத்த நாளும். இப்படி வாரி வாரிக் கொடுத்தவளுக்கு இயந்திரம் என்னதான் நெய்து வைத்திருக்கும் என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. சோற்றுப் பாத்திரம் பக்கத்தில் ஆறிப்போயிருக்கும். தீபாவளிக்கு முதல் நாள் அவள் கதவை நிமிர்ந்து பார்த்தாள். முகூர்த்தப் பட்டு விலை எழுதியிருந்தது. அந்த மனிதர் இத்தனை மாதம் நின்றபோதுகூட அவ்வளவு ஏறியதில்லை.

ஒரு நொடி அவளுக்கு எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது. தயக்கமானிக்கு அப்பனும் ஒன்றுதான், அதைச் செய்தவளும் ஒன்றுதான். முன்னால் நிற்பது யார் என்று அது கேட்பதில்லை. அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கிய விலையை இவள் ஆசைப்பட்டு நின்றே ஏற்றிவிட்டாள். தான் ஒன்றை எவ்வளவு விரும்புகிறோம் என்று அவளுக்கு முகத்துக்கு நேராக யாரும் இப்படிச் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. தீபாவளி போனஸ் கணக்கில் ஏறியிருந்தது, அதை அப்படியே அங்கே கட்டினாள். கதவை மட்டும் திறக்கவில்லை.

சரோஜா காசியிலிருந்து வந்த பிறகு, கடை விடுமுறை நாளில் துவாரகநாதன் அவளை வீட்டுக்கு வரச் சொன்னார். சந்துக்குள் சின்ன வீடு. அவர் மனைவி லீலாவதி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அங்கை நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"முகூர்த்தப் பட்டு விலையா?" துவாரகநாதன் அவளையே பார்த்தார். "அவளுக்காக அவ்வளவு நேரம் நின்னீங்களா?"

"தெரியாமப் பண்ணிட்டேண்ணே."

"தெரிஞ்சா யாரும்மா அப்படி நிக்கிறா?" அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார். வாடாமல்லிச் சேலை. அவள் வாய் திறப்பதற்குள், "விலை கேட்கக்கூடாது" என்றார்.

பிறகு போனை எடுத்தார். சிவப்புத் துண்டுக்காரி கதவுக்கு முன்னால் நின்றாள். அவர் விரல் கதவைத் தொட்டது. திரை ஒரு தரம் இருண்டு, மறுபடி வெளிச்சம் வந்தபோது, வெளியே நின்றது சிவப்புத் துண்டுக்காரி இல்லை. யாரோ ஓர் ஆள். வயதானவர், வெறுங்கை, வழியெல்லாம் நடந்த களைப்பு அவரிடம் இல்லை, நின்று நின்று வந்த களைப்பு.

"இது யாரு?" என்றார் துவாரகநாதன்.

விரல் ஓடுகிற விதத்தை வைத்தே இயந்திரம் கண்டுகொண்டிருந்தது. நடந்தவள் ஒருத்தி, நின்றவர் வேறு ஒருவர். பெயரோ உறவோ அதற்குத் தெரியாது. ஒருத்தி உள்ளே வந்து சேர்ந்துவிட்டாள், அவளுக்காக ஒருவர் நாள் தவறாமல் வெளியே நிற்கிறார் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

"நீங்கதாண்ணே. நீங்க நின்னதும் சேர்ந்துதான் இந்த முடிவு."

கதவு உள்ளிருந்து திறந்தது. உள்ளே ஒரு கூட்டமே இருந்தது, அவளிடம் விளக்கு வாங்கிய அத்தனை பேரும். அவர்களை விலக்கிக்கொண்டு சிவப்புத் துண்டுக்காரி வாசலுக்கு வந்தாள். நின்றவரைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு திரும்பி வந்து அவர் கையில் கொடுத்தாள். நாய் முற்றத்தில் படுத்திருந்தது. அதற்கும் அப்பால் மரத்தடியில் முகம் தெரியாத ஒரு பெண் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அது யார் என்று அங்கை சொல்லவில்லை.

"வெயில்ல வந்தவங்களுக்கு மொதல்ல தண்ணிதான் கொடுப்பா." அடுப்படி நிலையில் லீலாவதி நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மெல்ல வந்து கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

திரையில் நின்றவர் படியில் உட்கார்ந்தார். சிவப்புத் துண்டுக்காரியும் அவரை ஒட்டி உட்கார்ந்தாள். திறந்த கதவுக்கு மேல் ஓர் அம்புக்குறி உள்ளே வரச்சொல்லி மினுக்கியது. துவாரகநாதன் விரலை நீட்டினார். நீட்டிய விரல் பாதியில் நின்றது.

"உள்ள போனா என்னாகும்?" என்றார்.

"முடிஞ்சிரும்ணே."

"போகலைன்னா?"

"போகாதவரைக்கும் அவ எழுந்திரிக்கமாட்டா. அப்படியே உங்க பக்கத்துல உட்கார்ந்திருப்பா. காசு கட்டினதை யாரும் அழிக்கவும் மாட்டாங்க."

அங்கை பழக்கதோஷத்தில் விலை எழுதுகிற இடத்தைத் தேடினாள். திறந்த கதவில் எழுத இடமில்லை.

லீலாவதி கணவரின் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். "அப்ப இருக்கட்டும்" என்றார். "நாளைக்குக் காலையில நீங்க கடைக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் பார்ப்போம்."